எந்தக் கையில் ஊன்றுகோல்?

முதலில் சத்தம்தான் வந்தது. ‘டொக்’ என்று கட்டை ஊன்றும் சத்தம். அதற்குப் பின்னால் ‘சர்ர்’ என்று ஜப்பான் சிலிப்பர் இழுபடும் சத்தம்.

ஈப்போவில் மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடைக்கு முன்னால் அஞ்சடி, அதாவது கூரை போட்ட நடைபாதை, முழுக்க ஈரம். நான் கல்லாப் பக்கம் நின்று சக்கர நாற்காலி ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு தமிழ்ப் பெண்மணி. வயது முப்பத்தைந்து இருக்கலாம். நீலப் பூப்போட்ட சேலை, தோளில் ஒரு துணிப் பை.

இடது கால் சரியில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. கட்டையையும் இடது கையில்தான் பிடித்திருந்தார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து, அலையில் மாட்டிய சம்பான் படகு மாதிரி ஆடி, மறுபடி நிமிர்ந்தது.

அந்தக் கட்டையும் கடையில் வாங்கியது இல்லை. கொய்யாக் கிளையை வெட்டித் தோல் சீவி, அடியில் பழைய டயர் துண்டை ஆணியால் அடித்திருந்தார்கள். டயர் தேய்ந்துபோய் ஆணித் தலை மட்டும் மினுங்கியது. நம் கடைத் தரையோ வழுவழுப்பான சிமெண்டு. உள்ளே இரண்டாவது அடி வைக்கும்போதே கட்டை வழுக்கியது. கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் நாற்காலியைப் போட்டேன்.

அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “அக்கா, கட்டையை வலது கைக்கு மாத்துங்க. இடது காலுக்கு வலது கைதான் துணை.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீ தமிழ்ப் பிள்ளைதானே?”

“ஆமாக்கா.”

“அப்புறம் என்னலா இப்படிச் சொல்ற? வலது கையில கட்டையைப் புடிச்சிக்கிட்டு, இடது கையால பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டச் சொல்றியா?”

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் பிள்ளைகளே, இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

குச்சியில் என்ன கதை?

இந்த வாரம் கைத்தடியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் என் சின்ன மகள் முகத்தைச் சுளித்தாள். குச்சி விற்பதில் என்னப்பா கதை இருக்கிறது, நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, அவ்வளவுதானே என்றாள்.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, எனக்குக் கை வரவில்லை. மரத்துப் பட்டையைக் காயப்படுத்துகிறாய் என்று எங்கள் மேஸ்திரியான மண்டோர் தினமும் ஏசுவார். ஈப்போவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மச்சான்தான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார்.

ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் விற்கும் அந்தக் கடை ஒரு சீனருடையது. சீன முதலாளியை இங்கே தவுக்கே என்போம். எங்கள் தவுக்கே ஒல்லியானவர். பனியனும் கட்டம் போட்ட காற்சட்டையும்தான் அவருக்கு எப்போதும் உடுப்பு. என்னிடம் மலாயில் பேசுவார். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. கடைக்குள் வந்தவர் வெளியே போகும்போது, வந்ததைவிட நேராக நடந்து போக வேண்டும். அப்படி ஒருவர் நடந்து போனால் தெருவே நமக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் என்பார்.

தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்பத்திரியில் இருந்த செல்வராணி மிஸ்ஸி. கால் முறிந்தவர்களுக்கும் வாதம் வந்தவர்களுக்கும் நடைப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். கடையிலிருந்து போகும் கட்டைகள் தப்பான அளவில் போகின்றன என்று ஒரு நாள் நேரே கடைக்கே வந்துவிட்டார். தவுக்கேயைக் கேட்டு, வாரத்தில் ஒரு மதியம் என்னை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது ஒரு நாள் தேவைப்படும்.

கைத்தடி வாங்க வருகிறவரை நேராக நிற்கவைத்துக் கைகளைத் தொங்கவிடச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் ஒரு மடிப்பு இருக்கிறதே, தடியின் பிடி அந்த மடிப்பு வரைக்கும் வர வேண்டும். அப்போதுதான் தடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் முதுகு கூனிப்போகும்.

எந்தச் செருப்போடு நடப்பாரோ அந்தச் செருப்போடு அளக்க வேண்டும். நம் ஆட்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே செருப்பு, வீட்டுக்குள் வெறுங்கால், கோவிலிலும் வெறுங்கால். அதனால் நான் முதலில் கேட்பது, ஒரு நாளில் அதிக நேரம் எங்கே நடக்கிறீர்கள் என்பதுதான்.

கக்கத்தில் வைக்கும் கட்டை என்றால், கக்கத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மூன்று விரல் போக வேண்டும். பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். நம் ஆட்கள் கட்டையின் தலையில் துண்டைச் சுற்றி மெத்தை மாதிரி ஆக்கி, அதிலேயே தொங்கிக்கொண்டு போவார்கள். சுகமாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் விரல்கள் மரத்துப்போகும்.

கடைசியாக எந்தக் கை என்பது. நோய்ப்பட்ட காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கை. நம்பாதவர்கள் எழுந்து நாலு அடி நடந்து பாருங்கள். இடது கால் முன்னால் போகும்போது உங்கள் வலது கைதானே தானாக முன்னால் வீசுகிறது? தடியும் அப்படித்தான் போக வேண்டும். நோகிற காலும் தடியும் ஒன்றாகப் போய் ஒன்றாக ஊன்றினால், பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

லகாட் பெரியவர் எழுந்த வேகம்

இத்தனையும் மனப்பாடம் செய்துகொண்டு நான் கடையில் ராஜா மாதிரி நின்றேன். ஆனால் அளவு மட்டும் போதாது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் லகாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர்.

ஈயச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். காலில் கட்டு. அவருக்குக் கக்கத்துக் கட்டை வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கு ஆளைப் படுக்கவைத்து அளப்பார்கள். நானும் அவரைக் கடைப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கக்கத்திலிருந்து குதிகால் வரை நாடாவை இழுத்தேன். அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்த அவர் சம்சாரம் அப்போதுதான் வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே திரும்பினார்.

அந்த அம்மா போட்ட கூச்சலில் பக்கத்துக் காப்பிக் கடையே எழுந்து வந்துவிட்டது. படுத்த ஆளுக்குத் தலையிலிருந்து கால் வரை அளவெடுப்பது எதற்கென்று உனக்குத் தெரியாதா, உயிரோடு இருக்கிற மனுசனுக்குப் பெட்டி அடிக்கவா அளக்கிறாய் என்று நாடாவை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். அதைக் கேட்டதும் பெரியவர் எழுந்த வேகம் இருக்கிறதே! கட்டையும் இல்லாமல் யார் தோளும் இல்லாமல், ஒற்றைக் காலாலேயே தத்தித் தத்திக் காப்பிக் கடைவரை போய்விட்டார்.

அங்கேயே தே, அதாவது தேநீர், வாங்கிக் கொடுத்து, அங்கேயே சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். மிஸ்ஸியிடம் சொன்னபோது அவர் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் கடையில் யாரையும் நான் படுக்கவைத்ததே இல்லை.

இது தமிழர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். காம்பாரிலிருந்து வந்த ஒரு சீனத் தாத்தாவுக்கு நாலு கால் தடிதான் பொருத்தம். நாலு குட்டிக் கால்கள் இருக்கும், கையை விட்டாலும் தானாக நிற்கும். அவர் தொடவே மாட்டேன் என்றார். சீனத்தில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும், அதனால் நாலு அவர்களுக்கு ஆகாத எண். தவுக்கே குனிந்து, நாலு காலையும் விரலால் தொட்டுவிட்டு, மேலே பிடியையும் தொட்டு, ஐந்து என்றார். தாத்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு அதை ஊன்றிக்கொண்டு நேராக நடந்து போனார்.

ஆக, ஊன்றுகோலைக் கால் மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டுத் தரை, கும்பிடுகிற சாமி, மனசில் இருக்கிற பயம் எல்லாம் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறது.

ஒரு மாதத் தவணை

இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்காவிடம் வருவோம். அதுதான் அவர் பெயர். தே குடித்துக்கொண்டே அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். புருசன் இறந்து சில வருசம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியில் படித்தார்கள். மழை நாளில் பால் வாளிகளோடு மலைச் சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடுப்புப் பக்கம் பலம் வரவில்லை. சரிவில் ஏறி மரம் வெட்டுவது இனி முடியாது.

தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு. வரிசையாகக் கட்டிய லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்யாதவர் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நல்ல வேளையாக ஒரு வழி பிறந்தது. தோட்டத்தில் ஆயாக் கொட்டாய் ஒன்று உண்டு. தாய்மார்கள் விடியற்காலையில் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். அங்கே இருக்கும் ஆயா மாதக் கடைசியில் மகனோடு கிள்ளானுக்குப் போகிறார். அந்த இடம் காலியாகும். அஞ்சலைக்குக் கொடுக்கலாமா என்று தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், மானேஜர் துரையிடம் கேட்டிருக்கிறார். பிள்ளையைத் தூக்கி நடக்க முடிந்தால் கொடு, ஒரு மாதம் பார் என்று துரை சொல்லிவிட்டார்.

ஆனால் தாய்மார்களுக்கு மனசு வரவில்லை. பாப்பாத்தி என்ற ஒருத்தி, அக்காவோடு ஒரே நிரையில், அதாவது ஒரே மர வரிசையில், மரம் வெட்டியவள், எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாளாம், தானே கட்டையில் தொங்குகிறவள் என் பிள்ளையை எங்கே தொங்கவிடுவாள் என்று.

“அவ சொன்னதுல தப்பில்ல தம்பி,” என்றார் அக்கா. “நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன். அதான் வந்தேன். எனக்கு ஒரு கட்டை குடு. ஆனா என் வலது கை எனக்கு வேணும்.”

அரிசிப் பையும் தவுக்கே பேத்தியும்

தவுக்கேயிடம் மலாயில் விவரம் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு பை அரிசி கடன் கேட்டு வாங்கி வந்தார். பத்து மாதக் குழந்தை கனம் இருக்கும். அதைத் துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தோம்.

முதலில் சாதாரணக் கைத்தடி, வலது கையில். முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். கடையின் அந்த மூலைவரை போனார். திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடம்பு ஆடவில்லை. கொய்யாக் கட்டையோடு ஆடி ஆடி வந்தவர் ஏறக்குறைய நேராக வந்தார்.

“நடை நல்லாத்தான் இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அரிசிப் பையை நான் நீட்டியபோது வாங்கக் கையில்லை. இடது கையை மட்டும் நீட்டி வாங்கப் போனவர், பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார். அரிசியையே இடது கையால் வாங்க மனசு வராதவர், அடுத்தவர் பெற்ற பிள்ளையை எப்படி வாங்குவார்? கொடுப்பவளும்தான் எப்படிக் கொடுப்பாள்?

தடியின் பிடியில் ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிப் பார்த்தோம். கையை விட்டதும் தடி ஊசலாடி அரிசிப் பையைத் தட்டியது. “பிள்ளை மண்டை போச்சு,” என்றார் அக்கா.

நாலு கால் தடியைக் கொண்டுவந்தேன். தானாக நின்றது. கையை விட்டு இரண்டு கையாலும் பையை வாங்கினார். நான் சந்தோசப்பட்டேன். அக்கா வெளியே அஞ்சடிக்கும் சாலைக்கும் நடுவில் உடைந்துகிடந்த சிமெண்டைக் காட்டி, இதை அங்கே நிற்கவை பார்ப்போம் என்றார். வைத்தேன். ஒரு கால் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு தடி ஆடியது. கொட்டாய்க்கு முன்னால் செம்மண் சரிவு, வாசலில் கருங்கல். அங்கே இது ஆகாது.

தவுக்கே ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். முழங்கை ஊன்றுகோல். அலுமினியக் குழாய், கைக்கு ஒரு பிடி, அதற்கு மேலே முன்கையைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் வளையம். ஆஸ்பத்திரியில் கேட்டால்தான் விற்போம், அதனால் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அக்கா அதை முன்கையில் மாட்டிப் பார்த்தார். “கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கூட இவ்ளோ பெருசு இல்ல,” என்றார்.

பிடியிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். தடி விழவில்லை. வளையம் முன்கையைப் பிடித்துக்கொண்டிருக்க, உடம்போடு ஒட்டித் தொங்கியது. வலது உள்ளங்கை விரிந்து, காலியாக, அவருடையதாக இருந்தது. அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் தவுக்கேயின் மருமகள் மாடியிலிருந்து கைக்குழந்தையோடு இறங்கி வந்தார். தவுக்கே பேத்தியை வாங்கி, அக்காவைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, நேரே அவரிடம் நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார், வலது கை முன்னால். அந்தக் குழந்தை உடனே அக்கா மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

“அரிசி இப்படிப் பண்ணல,” என்றார் அக்கா, கண்ணில் தண்ணீரோடு.

எந்த இடுப்பு?

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. வலது கையில் ஊன்றுகோல் என்றால் குழந்தை இடது இடுப்பில்தான் இருக்க வேண்டும். அது நோய்ப்பட்ட கால் பக்கம். ஏற்கெனவே பலம் இல்லாத பக்கத்தில் பிள்ளையையும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து விழும் என்று அக்கா பயந்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்படி விசயங்களில் நானாக எதுவும் சொல்ல மாட்டேன். தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு, அக்காவைத் திரிஷா என்னும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றி மிஸ்ஸியிடம் கூட்டிப் போனேன்.

மிஸ்ஸி ஆஸ்பத்திரிப் பதிவையும் எக்ஸ்ரே படத்தையும் எடுத்துப் பார்த்தார். எலும்பு நல்லாகப் பொருந்தியிருக்கிறது, பாரம் கொடுக்கலாம் என்றார். பிறகு ஒரு மணல் பையை எடுத்து வந்து, எந்தப் பக்கம் சரி என்று சொல்லாமலே, முதலில் வலது இடுப்பில் வைத்து நடக்கச் சொன்னார். சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்தார். முகம் சுருங்கியது. அதே பையை இடது இடுப்புக்கு மாற்றினார். அக்கா போய்த் திரும்பினார்.

“எந்தப் பக்கம் நோகுது?” என்று கேட்டார் மிஸ்ஸி.

“வலது பக்கம் வச்சாத்தான் மிஸ்ஸி இடது இடுப்பு வலிக்குது. என்ன அதிசயம் இது?”

“அப்ப உங்கட இடுப்பே சொல்லிப்போட்டுது. நான் ஏன் சொல்லோணும்?”

பிறகு விளக்கினார். எதிர்ப்பக்கம் பாரம் இருந்தால், உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது நோய்ப்பட்ட இடுப்பின் வேலை. அதே பக்கம் வைத்தால் அந்த இழுப்பு குறைவு. இடது இடுப்பில் பிள்ளை, வலது கையில் ஊன்றுகோல். நம் பெண்கள் பிள்ளையை எப்போதும் இடது இடுப்பில்தானே வைக்கிறார்கள், பிறகு என்ன யோசனை என்றார்.

ஆனால் கண்டிப்பும் இருந்தது. ஒரு வாரம் அரிசிப் பையோடுதான் நடக்க வேண்டும். கொட்டாய்க்குள் எப்படி நடப்பாரோ அப்படியே வெறுங்காலில் பழக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சோறு ஊட்டுவதை மட்டும் மறுபடி கேட்டார்.

“ஊட்டேக்க இருந்து ஊட்டுங்கோ,” என்றார் மிஸ்ஸி. அவர் பேச்சில் ‘இருந்து’ என்றால் உட்கார்ந்து. “இருந்திட்டா ரெண்டு கையும் உங்கட.”

கொட்டாய் வாசலில்

மாதக் கடைசியில் ஒரு நாள், விடிவதற்கு முன் மச்சானின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா சிலிப்பரோடு வந்தபோது எடுத்த அளவில்தான் கடையில் ஊன்றுகோலின் உயரத்தை வைத்திருந்தேன். உயரம் மாற்றக் குழாயில் வரிசையாக ஓட்டைகள் உண்டு, வெறுங்காலுக்கு ஓர் ஓட்டை இறக்கிவைக்க வேண்டும். அடி ரப்பரும் புதிதாக ஒன்று கொண்டு போனேன்.

கொட்டாய் வாசல் அரைச் சுவரோரம் அக்காவை நிற்கவைத்து, மணிக்கட்டுக்கு அளவு பார்த்து, ஓட்டை மாற்றினேன். சிமெண்டுத் தரையை அவர் அதற்குள் கழுவிவிட்டிருந்தார். உத்தரத்தில் ஏணைகள் வரிசையாகத் தொங்கின. கைக்குழந்தைகளுக்குச் சேலையில் கட்டிய தொட்டில்கள். எல்லாமே காலி. மண்ணெண்ணெய் விளக்கு வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து அடித்தது.

அன்றுதான் பழைய ஆயா இல்லாத முதல் நாள். அதுவரை அக்கா ஏணை கட்டுவதும் பால் காய்ச்சுவதுமாக உதவிக்குத்தான் இருந்தார். பிள்ளையை வாங்கும் வேலை பழைய ஆயாவுடையது.

பெரட்டு முடிந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டத்தைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். தாய்மார்கள் தலைவிளக்கோடு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார்கள். கிராணி சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்று பார்த்தார். அன்று யாரும் பிள்ளையைக் கொடுக்கவில்லையென்றால் துரையிடம் அவர் என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முன்னால் நின்றவள் பாப்பாத்தி. அவள் பையன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். “நான் இன்னிக்கு லீவு போட்டுக்கிறேன்,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே யோசிக்கிற மாதிரி தெரிந்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அக்கா கெஞ்சவில்லை. வாசல் அரைச் சுவரில் இடுப்பைச் சாய்த்தார். ஊன்றுகோல் பிடியிலிருந்து கையை எடுத்தார். அது முன்கையில் தொங்கியது. இரண்டு கையையும் நீட்டினார்.

“பாப்பாத்தி, வெளுத்துக்கிட்டு வருது. வெயில் ஏறுனா பால் நின்னுரும்னு உனக்கு நான் சொல்லணுமா? உன் நிரையில முதல் மரமே சரிவுலதான் இருக்கு. குடு.”

அது ஆயா பேசுகிற பேச்சில்லை. அதே நிரையில் பத்து வருசம் மரம் வெட்டியவர் பேசுகிற பேச்சு. பாப்பாத்தி அறியாமலே இரண்டு அடி முன்னால் வந்தாள். நீட்டியிருந்த வலது கையைப் பார்த்தாள். பையனைக் கொடுத்தாள். ஆனால் தன் கையை எடுக்கவில்லை. போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அக்கா அவனை இடது இடுப்பில் ஏற்றி, பிடியைப் பற்றி, திரும்பினார். ஊன்றுகோலும் இடது காலும் ஒன்றாக, பிறகு வலது கால். போர்வை முனை பாப்பாத்தியின் விரலிலிருந்து நழுவியது.

ஈரத் தரை. நடுவில் தண்ணீர் ஓடும் சின்னக் கால்வாய். அதன் விளிம்பில் ஊன்றுகோல் தட்டியது. அக்கா நின்றார். அதே நேரத்தில் பையன் விழித்துக்கொண்டு, புது ஆளைப் பார்த்து முதுகை வளைத்து உதைத்தான். பின்னால் யாரோ ‘ஐயோ’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா அவசரப்படவில்லை. பையனை இடுப்போடு இறுக்கினார். ஊன்றுகோலைத் தூக்கிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வைத்து, ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். அடி ரப்பர் பிடித்தது. தாண்டினார். ஏணைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவனை உள்ளே கிடத்தினார். உட்கார்ந்தபடியே ஆட்டினார். அழுகை நின்றது. அவன் ஏணைக்குள்ளிருந்து ஒரு காலை மட்டும் வெளியே நீட்டினான்.

அவர் எழுந்து வாசலுக்குத் திரும்பி வந்து அரைச் சுவரில் சாய்வதற்குள் பாப்பாத்தி அங்கே இல்லை. சரிவில் அவள் தலைவிளக்கு ஆடிக்கொண்டு ஏறுவது தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தாள், பால் வாளி சத்தம் போட.

கிராணி சைக்கிளைத் திருப்பினார். “அஞ்சலை, நாளையிலேர்ந்து பெரட்டுல உன் பேரை ஆயான்னு கூப்பிடுறேன்,” என்றார்.

“நாளைக்கா? அப்ப இன்னிக்கு இதுங்களை யாருங்கய்யா பாத்துக்கிறது?” என்றார் அக்கா.

கிராணி சிரித்துவிட்டு, அங்கேயே நின்று, பெரட்டில் கூப்பிடுகிற அதே குரலில் அக்கா பெயரைக் கூப்பிட்டு ஆயா என்றார். அக்கா ஆஜர் சொன்னார். சொல்லிக்கொண்டே அடுத்த பிள்ளைக்குக் கையை நீட்டினார்.